காய்ச்சல் எத்தனையாவது நாள்?

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து தை அறுப்பு முடிகிற வரை எங்கள் பக்கம் காய்ச்சல் காலம். நான் மன்னார்குடியில் குழந்தை மருத்துவராக இருக்கிறேன். கோட்டூர், வடுவூர், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை என்று நாலா பக்கமிருந்தும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். உள்ளே நுழைந்ததும் முக்கால்வாசிப் பேர் முதலில் நீட்டுவது லேப் ரிப்போர்ட்டைத்தான். குழந்தை தோளில் துவண்டு கிடக்கும். ரிப்போர்ட் மட்டும் மழையில் நனையாமல் பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக இருக்கும். நான் அதை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சுது?" என்று கேட்பேன்.

"ஒரு நாலஞ்சு நாளா இருக்கும்" என்பார்கள். அந்தப் பதில் எனக்குப் போதாது. நாலா, அஞ்சா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விடாமல் கேட்டால் மெல்ல வரும். "செவ்வாக்கெழம ஸ்கூல்லேருந்து வந்தப்பவே கண்ணு ஒரு மாதிரியா இருந்துச்சு" என்று அம்மா ஆரம்பிப்பாள். "இல்ல, புதன்கெழமதான்" என்று அப்பா குறுக்கே விழுவார். கூடவே வந்திருக்கும் அப்பாயி, "ரெண்டு பேரும் சும்மா இருங்க. பிரதோஷத்தன்னிக்கு நான் கோயில்லேருந்து வர்றப்ப புள்ள பாய்ல சுருண்டு கெடந்துச்சு, தொட்டா சுட்டுச்சு" என்று முடித்து வைப்பார். என் அனுபவத்தில் அப்பாயி சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். வீட்டில் குழந்தையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பது அவர்தானே.

ஒரே குழந்தையின் ரத்தத்தை இரண்டாம் நாள் எடுத்தால் ஒரு ரிப்போர்ட் வரும், ஆறாம் நாள் எடுத்தால் வேறொன்று வரும். இரண்டும் உண்மைதான். நாள் தெரியாமல் எதைப் படித்தாலும் தப்பாகத்தான் படிப்போம். இது மருத்துவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதாது, வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டெங்குவையே எடுத்துக்கொள்வோம். கொசு கடித்து நாலு முதல் பத்து நாளுக்குள் காய்ச்சல் வரும். முதல் இரண்டு மூன்று நாள் 103, 104 என்று அடிக்கும். முகம் சிவந்திருக்கும். பெரிய குழந்தைகள் கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது, முதுகு வலிக்கிறது என்று சொல்வார்கள். சின்னது அனத்திக்கொண்டே கிடக்கும். இந்தச் சமயத்தில் பார்க்க வேண்டியது என்எஸ்1. வைரஸின் புரதத்தையே தேடுகிற பரிசோதனை என்பதால் முதல் நாளிலிருந்தே பிடிபடும். ஐந்தாம் நாளுக்கு மேல் கைவிட ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு ஐஜிஎம். அது நம் உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்புப் பொருள், உருவாக நாலைந்து நாளாவது ஆகும். இரண்டாம் நாளே ஐஜிஎம் எடுத்து "நெகட்டிவ், டெங்கு இல்லை" என்று வீட்டுக்குப் போனவர்களும் உண்டு, ஏழாம் நாள் என்எஸ்1 மட்டும் எடுத்து நிம்மதி அடைந்தவர்களும் உண்டு. இரண்டிலும் லேபின் தவறு எதுவும் கிடையாது. கேட்ட கேள்விதான் நாள் பொருந்தாத கேள்வி.

டெங்குவில் இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில், சூடு இறங்குகிற சமயத்தில், சில குழந்தைகளுக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் தங்க ஆரம்பிக்கும். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் இது நீடிக்கும். அந்த நேரத்தைக் கவனமாகக் கடத்திவிட்டால் குழந்தை பிழைத்து எழுந்துவிடும்.

ஒரு கார்த்திகை மாதம் எட்டு வயதுப் பையன் ஒருவனை அவன் அம்மா கூட்டி வந்திருந்தாள். "நேத்து ராத்திரியிலேருந்து காய்ச்சல் இல்லங்க டாக்டரம்மா. பிளேட்லெட் மட்டும் ஒரு தடவ பாத்துட்டு ஸ்கூலுக்கு அனுப்பிடலாம்னு வந்தேன்" என்றாள். முகத்தில் நிம்மதி தெரிந்தது. பையன் நாற்காலியில் உட்காராமல் அவள் மேலேயே சாய்ந்திருந்தான். கையைப் பிடித்தேன், சில்லிட்டிருந்தது. விரல் நகத்தை அழுத்தி விட்டேன். வெளுத்த இடம் சிவக்க இரண்டு விநாடிக்கு மேல் ஆகக் கூடாது, அவனுக்கு நாலு விநாடி ஆனது. "எப்பம்மா ஒண்ணுக்குப் போனான்?" என்று கேட்டதும் அவள் யோசித்தாள். "காலையிலேருந்து போகலங்க." மணி அப்போது மதியம் இரண்டைத் தாண்டியிருந்தது. வலது விலாவுக்குக் கீழே கை வைத்ததும் பையன் முகத்தைச் சுளித்தான். கல்லீரல் இரண்டு விரல் அளவுக்குக் கையில் தட்டுப்பட்டது. அன்று ஐந்தாம் நாள்.

அப்புறம்தான் ரிப்போர்ட்டைத் திருப்பினேன். பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவுகிற அணுக்கள், 92,000. குடும்பமே அந்த எண்ணைத்தான் போனில் சொல்லிக்கொண்டிருந்தது. நான் தேடியது அதற்கு மேலே, யாரும் பார்க்காமல் கிடந்த பிசிவி என்ற வரியை. ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பது அது. இரண்டு நாளுக்கு முந்தைய ரிப்போர்ட்டில் 34 இருந்தது, அன்று 42. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. குழந்தைக்குத் திடீரென்று ரத்தம் ஊறிவிடவில்லை. நீர் கசிந்து வெளியேறியதால் மிச்சமிருப்பது கெட்டிப்பட்டிருக்கிறது. உடனே அட்மிட் செய்து, எடைக்குத் தகுந்தாற்போல் டிரிப்ஸ் ஏற்றி, நாடியையும் சிறுநீரையும் மணிக்கணக்கில் பார்த்து, பிசிவியைத் திரும்பத் திரும்ப எடுத்தோம். மறுநாள் சாயங்காலம் இட்லி கேட்டான். அந்த நேரத்தில் பிளேட்லெட் 60,000க்கு இறங்கியிருந்தது! அவன் தேறிவிட்டதும் பிளேட்லெட் இறங்கியதும் ஒரே நாளில்தான். அது தன்பாட்டுக்கு இரண்டு மூன்று நாளில் ஏறிக்கொள்ளும். ரத்தக் கசிவு எதுவும் இல்லாத குழந்தைக்கு எண்ணைப் பார்த்துப் பயந்து பிளேட்லெட் ஏற்றத் தேவையில்லை.

நிலவேம்புக் கஷாயம் கொடுக்கலாமா, பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கசப்பைக் குடித்து வாந்தி எடுக்கிற குழந்தைக்கு உடம்பில் இருக்கிற நீரும் போய்விடும் என்பதுதான் என் கவலை. கஞ்சித் தண்ணீர், மோர், இளநீர், ஓஆர்எஸ் என்று எது இறங்குகிறதோ அதை அடிக்கடி கொடுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். அந்த சிரப் ஐந்து மில்லியில் 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு அளவுகளில் வருகிறது, பாட்டிலைப் பார்த்து வாங்குங்கள். டெங்கு சந்தேகம் இருக்கும்போது இபுபுரோஃபன், மெஃபனமிக் ஆசிட், ஆஸ்பிரின் மூன்றும் வேண்டாம். வயிற்றில் ரத்தக் கசிவை அவை கிளப்பிவிடும்.

பிளேட்லெட் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழந்தையிடம் ரத்தம் எடுப்பது லேசான காரியம் கிடையாது. நரம்பு கிடைக்காது, குழந்தை திமிறும், சொட்டுச் சொட்டாகத்தான் விழும். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து தடவியிருப்பார்கள். சொட்டு விழ நேரமானாலோ, குழாயை மெதுவாகப் புரட்டிக் கலக்காமல் விட்டாலோ உள்ளே சின்னதாக உறைகட்டி விழுந்துவிடும். பிளேட்லெட்டெல்லாம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். மெஷின் மிச்சத்தை எண்ணி 18,000 என்று அடித்துக் கொடுக்கும். அப்படியொரு ரிப்போர்ட்டோடு அலறி அடித்துக்கொண்டு வந்த குழந்தை என் மேசை மேலிருந்த ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கி விளையாடிக்கொண்டிருந்தது. மறுபடி நல்ல நரம்பில் எடுத்துப் பார்த்ததில் 2,40,000. குழந்தையும் எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றால் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கத் தெரிந்த டெக்னீஷியன் உங்கள் ஊரில் இருந்தால் அவரைக் கொண்டாடுங்கள். உறைந்து ஒட்டிய பிளேட்லெட் கொத்துக் கொத்தாகத் தகட்டில் தெரியும்.

அடுத்தது டைபாய்டு. இந்த மாவட்டத்தில் "டைபாய்டு பாசிட்டிவ்" என்ற ரிப்போர்ட்டை வாழ்க்கையில் ஒரு தடவையாவது வாங்காத குழந்தை இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். அதெல்லாம் வைடல். 1896ல் பிரான்ஸில் வைடல் என்ற மருத்துவர் கொண்டுவந்த பரிசோதனை. கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறது. மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால் அன்றைக்கே கடைமடை வாய்க்காலில் வந்துவிடுமா? கல்லணை வர வேண்டும், வெண்ணாறு, வெட்டாறு என்று பிரிய வேண்டும், எங்கள் ஊருக்கு வர நாளாகும். எதிர்ப்புப் பொருளும் அப்படித்தான். முதல் வாரம் முடிகிற சமயத்தில்தான் எட்டிப் பார்க்கும், இரண்டாவது வாரத்தில்தான் நன்றாக ஏறும். இரண்டாம் நாள் காய்ச்சலில் எடுத்த வைடல் பாசிட்டிவ் என்றால் அது பழைய கதையாக இருக்கலாம். எப்போதோ வந்துபோன தொற்றாகவோ வேறு கிருமியின் சாயலாகவோ கூட இருக்கும். நம்மைப் போல டைபாய்டு புழங்குகிற ஊர்களில் ஒற்றை வைடலை வைத்து முடிவு செய்ய முடியாது.

டைபாய்டு என்று சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் இருக்கிற கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பது. முதல் வாரத்தில்தான் அதிகம் பிடிபடும், அதுவும் ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்னால் எடுத்தால். முடிவு வர இரண்டு முதல் ஐந்து நாள் ஆகும், செலவும் கூட. ஆனால் எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று இரண்டையும் சொல்லிவிடும். டைபாய்டுக் குழந்தையின் காய்ச்சல் நாளுக்கு நாள் படிப்படியாக ஏறும், நாக்கு நடுவில் வெள்ளை படிந்து ஓரம் சிவந்திருக்கும், வயிறு உப்பும், வெள்ளையணுக்கள் ஏறாமல் இருக்கும், சில சமயம் இறங்கியும் இருக்கும். மூக்கொழுகி, இருமி, இரண்டு நாள் காய்ச்சலடித்து, மூன்றாம் நாள் ஓடி விளையாடுகிற குழந்தைக்கு அது டைபாய்டே இல்லை, வைடல் எத்தனை பாசிட்டிவாக இருந்தாலும். அந்தக் குழந்தைக்கு ஏழு நாள் ஊசி போடுகிறார்கள் என்று கேள்விப்படும்போது எனக்கு நெஞ்சு அடைத்துப் போகிறது. தேவையில்லாத ஒவ்வொரு ஊசியும் நாளை தேவைப்படும்போது அந்த மருந்து கேட்காமல் போவதற்கு வழி செய்கிறது.

வைடல் பாசிட்டிவ் என்ற வரி இன்னொரு நோயை மறைத்துவிடுவதும் உண்டு. நாலு வயதுப் பெண் குழந்தை, எட்டு நாளாகக் காய்ச்சல். டைபாய்டு என்று சொல்லி ஐந்து நாள் செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டாகிவிட்டது, சூடு இம்மியும் இறங்கவில்லை. முகம் லேசாக உப்பியிருந்தது. கழுத்திலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டியிருந்தது. பிளேட்லெட் 1,10,000, கல்லீரல் நொதிகள் ஏறியிருந்தன. சட்டையைக் கழற்றச் சொன்னேன். "ஒடம்பெல்லாம் பாத்தாச்சுங்க, ஒண்ணுமில்ல" என்றாள் அம்மா. அக்குள், காதுக்குப் பின்னால், முதுகு, தொடை இடுக்கு என்று வரிசையாகப் பார்த்தேன். கடைசியில் அரைஞாண் கயிற்றை ஒரு விரலால் மெல்லத் தூக்கினேன். கயிறு படிந்திருந்த இடத்தில், தொப்புளுக்கு இடப்பக்கம், உளுந்தளவுக்கு நடுவில் கறுத்துக் காய்ந்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த விளிம்பு. வலிக்காது, அரிக்காது. அதனால்தான் குழந்தை காட்டவும் இல்லை, குளிப்பாட்டும்போது யார் கண்ணிலும் படவும் இல்லை.

அது ஸ்க்ரப் டைபஸ். புதரிலும் வரப்போரப் புல்லிலும் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உண்ணியின் குஞ்சு கடித்த இடம் அந்தப் பொருக்கு. மழைக்காலத்திலும் அதைத் தொட்டு வரும் பனிக்காலத்திலும் தமிழ்நாட்டில் அதிகம். இந்தக் கிருமி செல்லுக்குள் போய் ஒளிந்துகொள்வதால் செஃப்ட்ரியாக்ஸோன், அமாக்ஸிசிலின் வகையெல்லாம் அதைத் தொடாது. டாக்ஸிசைக்ளினோ அசித்ரோமைசினோதான் கேட்கும். இதற்கும் ஐஜிஎம் பரிசோதனை உண்டு, அதுவும் முதல் வாரம் கழிந்துதான் நம்பும்படி வரும். பொருக்கைப் பார்த்துவிட்டால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மருந்து தொடங்கினோம், இரண்டாம் நாள் இரவே சூடு விட்டது. எல்லாக் குழந்தைக்கும் பொருக்கு இருக்காது என்பது உண்மைதான். ஆனால் ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சல் என்றால் குழந்தையைத் தலைமுதல் கால்வரை, கயிற்றையும் தாயத்தையும் தூக்கிப் பார்க்கிற வேலையை வீட்டிலேயே செய்துவிடலாம். எந்த லேபும் இதைச் செய்து தராது.

வாய்க்காலில் குளித்து, சேற்றில் விளையாடுகிற பிள்ளைகளுக்கு எலிக்காய்ச்சலும் வரும். கண் சிவந்து பீளை இல்லாமல் இருக்கும், கெண்டைக்காலைத் தொட்டால் கத்தும். சிறுநீர் குறைந்தாலோ கண் மஞ்சளானாலோ தாமதிக்காதீர்கள்.

இனி வயது. ரிப்போர்ட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இயல்பு அளவு என்று ஒன்று அச்சடித்திருக்கும். அதற்கு மேலே போனால் ஹெச், கீழே போனால் எல் என்று தடித்த எழுத்தில் வரும். பெரும்பாலான சின்ன லேப்களில் அந்த அளவு பெரியவர்களுடையது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணு வகை 60 சதவீதம் என்றால் ஹெச் போட்டு வரும். பார்த்த மாமா யாராவது கூகுளில் தேடி ரத்தப் புற்றுநோய் வரைக்கும் போய்விடுவார். நாலைந்து வயது வரை குழந்தைகளுக்கு லிம்ஃபோசைட்தான் அதிகம் இருக்கும், அது இயல்பு. அல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ் என்ற நொதி பெரியவர்களுக்கு 130ஐத் தாண்டினால் யோசிப்போம். வளர்கிற குழந்தைக்கு 300 இருந்தாலும் கவலை இல்லை, எலும்பு வளர்கிறது என்று அர்த்தம். பிறந்த குழந்தையின் ஹீமோகுளோபின் 17, 18 என்று இருக்கும், இரண்டு மூன்று மாதத்தில் 10 வரைக்கும் இறங்கும், அதற்கு டானிக் வேண்டாம்.

இவையெல்லாம் வீண் பயம். வீண் தைரியம் இதைவிட மோசம். மூன்று வயதுக் குழந்தைக்கு, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 0.9. அச்சடித்த அளவு 0.6 முதல் 1.2. ஹெச்சும் இல்லை, எல்லும் இல்லை, எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த வயதுக்கு கிரியேட்டினின் 0.5ஐத் தாண்டவே கூடாது, ஏனென்றால் அது சதையின் அளவைப் பொறுத்தது, குழந்தைக்குச் சதை குறைவு. அந்த 0.9 சொல்வது சிறுநீரகம் திணறுகிறது என்பதை. எனவே ஹெச், எல் எழுத்துகளை மட்டும் பார்த்து ரிப்போர்ட்டைப் படிக்காதீர்கள். லேப் நடத்துகிற தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: குழந்தையின் வயதை மாதத்தோடு எழுதி, அந்த வயதுக்குரிய அளவை அச்சடியுங்கள். கம்ப்யூட்டரில் ஒரு தடவை மாற்றினால் போதும்.

ரத்தசோகையைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே கொஞ்சம் மட்டும். இரண்டிலிருந்து ஐந்து வயது வரை ஹீமோகுளோபின் 11க்குக் கீழே என்றால் ரத்தசோகை. எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) குறைந்து ஆர்டிடபிள்யூ (சிவப்பணுக்கள் ஒன்றுக்கொன்று அளவில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது) ஏறியிருந்தால் பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவு. அந்தக் குழந்தைகளின் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டால் ஒரே பதில்தான். காலையில் டீயில் தொட்டு பன், ராத்திரி சோறு வேண்டாம் என்று ஒரு டம்ளர் பால், நடுவில் இன்னும் இரண்டு டம்ளர். பாலில் இரும்பு மிகமிகக் குறைவு. டீ, சோற்றிலும் கீரையிலும் இருக்கிற இரும்பையும் உடம்பில் சேர விடாது. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் வேண்டாம். மண் தின்கிற பிள்ளையை அடிக்காதீர்கள், ரத்தத்தைப் பாருங்கள். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளையொட்டிப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கிற குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

எனக்கு நெடுநாளாக மனதில் கிடந்து உறுத்துவது பிரைமரி காம்ப்ளெக்ஸ், குழந்தைகளின் ஆரம்பக் காசநோய்க்கு இங்கே வழங்குகிற பெயர். தமிழ்நாட்டில் இந்த ஆங்கிலப் பெயர் தெரியாத தாய் கிடையாது. குழந்தை ஒல்லியாக இருக்கிறது, சரியாகச் சாப்பிடவில்லை, மாதம் ஒரு தடவை சளி பிடிக்கிறது. உடனே காசநோய்க் கிருமி உள்ளே வந்ததா என்று பார்க்கக் கையில் மாண்டூ ஊசி, ரத்தத்தில் சிவப்பணு படிகிற வேகத்தை அளக்கும் ஈஎஸ்ஆர், பிறகு ஆறு மாதம் காசநோய் மாத்திரை. காசநோய் குழந்தைகளுக்கு வருவது உண்மை, விட்டால் மூளை வரைக்கும் போவதும் உண்மை. அதனாலேயே கண்டுபிடிப்பதில் அக்கறை வேண்டும் என்கிறேன். ஈஎஸ்ஆர் எந்தச் சளிக்கும் ஏறும், ரத்தசோகைக்கே ஏறும். மாண்டூ ஊசி போட்ட இடத்தை 48 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். சிவப்பை அளக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் தட்டுப்படுகிற தடிப்பு இருக்கிறதே, அதை அளக்க வேண்டும். நான் பால்பாயிண்ட் பேனாவை வெளியிலிருந்து உள்ளே மெல்ல இழுத்துக்கொண்டு வருவேன்; தடிப்பின் விளிம்பு வந்ததும் பேனா தானாக நிற்கும். மறுபக்கமும் அதே போல. இரண்டு கோடுகளுக்கும் நடுவில், கைக்குக் குறுக்காக, 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் பாசிட்டிவ். அந்தப் பாசிட்டிவும் கிருமி எப்போதோ உள்ளே வந்திருக்கிறது என்றுதான் சொல்லும், நோய் இருக்கிறது என்று சொல்லாது.

நோய் என்று முடிவு செய்ய வேறு கேள்விகள் வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் விடாத இருமலோ காய்ச்சலோ உண்டா? எடை உண்மையிலேயே இறங்கியிருக்கிறதா? வீட்டில் யாருக்காவது காசநோயா? எக்ஸ்ரே என்ன சொல்கிறது? சளியோ, விடியற்காலை வெறும் வயிற்றில் இரைப்பையிலிருந்து எடுக்கும் நீரோ, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடுகிற சிபிநாட் பரிசோதனைக்குப் போயிருக்கிறதா? அரசு மருத்துவமனையில் அது இலவசம். எடைக்கு ஊகம் வேண்டாம், தாய் சேய் அட்டையில் வளர்ச்சிக் கோடு இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் ஒடிசலாக இருக்கிற வீட்டில் குழந்தையும் ஒடிசலாக, ஆனால் தன் கோட்டிலேயே பிசகாமல் வளர்ந்துகொண்டிருந்தால், அதற்கு வியாதி எதுவும் இல்லை. இதைச் சொன்னால் சில அம்மாக்கள் அழுதுவிடுகிறார்கள். "புள்ளைய வளக்கத் தெரியல" என்று மாமியார் வீட்டில் கேட்ட பேச்சு அத்தனையும் அந்த அழுகையில் இருக்கும்.

இத்தனை பரிசோதனைகளைப் பற்றி எழுதிவிட்டு, பரிசோதனையே தேவைப்படாதவற்றைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். நிமோனியாவை மூச்சை எண்ணிக் கண்டுபிடிக்கலாம். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, செல்போனில் ஒரு முழு நிமிடம் வைத்து வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றே காட்டுங்கள். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தால் மாந்தம் என்று வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு இருக்க வேண்டாம், நேராக மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். உரம் விழுந்துவிட்டது என்று துணியில் போட்டு உருட்டுகிற வழக்கமும் இன்னும் இருக்கிறது. மூச்சுத் திணறுகிற குழந்தையை அப்படிச் செய்வது உயிருக்கே ஆபத்து.

வயிற்றுப்போக்குக்கும் அப்படித்தான். மலத்தில் ரத்தம் இல்லை என்றால் மலப் பரிசோதனையும் வேண்டாம், ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு தடவை போன பிறகும் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். பாதிப் பாக்கெட்டை டம்ளரில் குத்துமதிப்பாகக் கரைப்பது வேண்டாம், உப்பு கூடிவிடும். கூடவே ஜிங்க், பதினாலு நாள்: ஆறு மாதத்துக்குட்பட்டவர்களுக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே சமமாக வேண்டும். மெதுவாகப் படிந்தாலோ, கண் குழிந்தாலோ, குழந்தை குடிக்கவே தெம்பில்லாமல் கிடந்தாலோ அது வீட்டு வைத்தியத்தைத் தாண்டிவிட்டது.

கடைசியாக ராத்திரி நேரம். வேதாரண்யம் பக்கத்து ஊர்களிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு வர மணிக்கணக்கில் ஆகும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சிலவற்றுக்கு விடியட்டும் என்று இருக்கக் கூடாது, லேப் திறக்கட்டும் என்றும் இருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல். எதைக் குடித்தாலும் நிற்காத வாந்தி. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை. எழுப்பினால் எழாத தூக்கம். உடம்பு சுடும்போதே கையும் காலும் மட்டும் சில்லிட்டுப் போவது. அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், மூக்கிலோ ஈறிலோ ரத்தம். இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள்.

காய்ச்சலோடு வலிப்பு வந்தால் கையில் சாவியையோ இரும்பையோ திணிக்க வேண்டாம், வாய்க்குள் எதையும் வைக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை காய்ச்சல் வலிப்பு வருவது உண்டு, பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நின்றுவிடும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். தாண்டாமல் நின்றாலும், முதல் தடவையாக வந்த வலிப்பு என்றால் அன்றைக்கே ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.